நகரமும் நாதமும் – 9: போலீஸ் கொடுத்த அட்டை

1948 மார்ச் 27-ஆம் தேதி இரவு நியூயார்க் கார்னகி ஹாலில் உட்கார இடமில்லை. டிக்கெட் எல்லாம் விற்றுப்போய், மேடைமீதே நாற்காலிகளைப் போட்டு ரசிகர்களை உட்கார வைத்திருந்தார்கள். பாடியவர் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே. போதைமருந்து வழக்கில் ஓராண்டும் ஒரு நாளும் தண்டனை பெற்றவர். மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் சிறையிலிருந்து சற்று முன்கூட்டியே விடுதலையாகிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

கார்னகி ஹால் 57-ஆம் தெருவில் இருக்கிறது. அங்கிருந்து ஐந்து தெரு தெற்கே நடந்தால் 52-ஆம் தெரு. வரிசையாக ஜாஸ் கிளப்புகள். அன்று கச்சேரி முடிந்த கையோடு அவர் அங்கே போய், பழகிய மதுக்கூடம் ஒன்றில் இரண்டு பாட்டுப் பாடியிருந்தால் அது சட்டப்படி குற்றம். கச்சேரி மண்டபத்தில் எத்தனை ஆயிரம் பேருக்கு வேண்டுமானாலும் பாடலாம். சாப்பாடோ மதுவோ விற்கிற இடத்தில் ஐம்பது பேருக்குப் பாடக் கூடாது. அதற்குப் போலீஸ் கொடுக்கும் அட்டை வேண்டும். கேபரே கார்டு என்று அதற்குப் பெயர். சிறை சென்றவர் என்பதால் பில்லி ஹாலிடேவுக்கு அது மறுக்கப்பட்டது. 1959 ஜூலையில் இறக்கும்வரை திரும்பக் கிடைக்கவில்லை.

நியூ ஆர்லியன்ஸில் பிறந்து சிகாகோவில் வளர்ந்த ஜாஸ், நியூயார்க் வந்து சேர்ந்ததும் அதன் கதையில் வக்கீல்களும் போலீஸ்காரர்களும் வரி அதிகாரிகளும் நுழைந்துவிடுகிறார்கள். ஜாஸ் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேதைகளை வரிசையாக நிற்க வைத்து எழுதிவிட்டுப் போவார்கள். மேதைகள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வாசித்த அறை எவ்வளவு அகலம், அதற்கு லைசென்ஸ் கொடுத்தவர் யார், ஆடினால் வரி எவ்வளவு, பாடினால் எவ்வளவு என்றெல்லாம் கேட்காமல் அந்த இசை ஏன் அப்படி ஒலித்தது என்று சொல்ல முடியாது என்பது என் கட்சி.

கதை 1926-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். மேயர் ஜிம்மி வாக்கர் இரவு கிளப்புகளில் அடிக்கடி தென்படுகிற உல்லாசப் பேர்வழி. அவர் கையெழுத்திலேயே கேபரே சட்டம் வந்தது. உணவோ பானமோ விற்கிற இடத்தில் பாட்டு, வாத்தியம், ஆட்டம் எது நடந்தாலும் நகராட்சியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். பெரிய ஹோட்டல்களுக்கு விலக்கு உண்டு. சட்டத்தின் கண் எந்தப் பக்கம் பார்த்தது என்பதற்கு இந்த விலக்கு ஒன்றே போதும்.

அது பார்த்த பக்கம் ஹார்லெம். மேன்ஹாட்டனின் வடக்கே, கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் குடியேறியிருந்த பகுதி. லெனாக்ஸ் அவென்யூவில் 142-ஆம் தெரு முனையில் காட்டன் கிளப். ஓனி மேடன் என்ற கள்ளச்சாராய தாதா நடத்தியது. மேடையில் ஆடுகிறவர், பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லாரும் கறுப்பர்கள். மேசையில் உட்காருகிறவர்கள் வெள்ளையர்கள் மட்டும். ட்யூக் எலிங்டன் 1927 டிசம்பரில் அங்கேதான் தன் குழுவோடு வேலைக்குச் சேர்ந்தார்; அங்கிருந்து போன வானொலி ஒலிபரப்புதான் அவரை நாடறியச் செய்தது. அதே அவென்யூவில் இரண்டு தெரு கீழே, 140-க்கும் 141-க்கும் நடுவே ஒரு பிளாக் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது சவாய் பால்ரூம். 1926 மார்ச்சில் திறந்தது. வாசலில் நிறம் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடைகள். ஒரு குழு முடிக்கும்போது அடுத்த குழு எடுத்துவிடும், ஆட்டம் நிற்கவே நிற்காது. 1937 மே 11 அன்று அந்த இரண்டு மேடைகளில் சிக் வெப் குழுவும் பென்னி குட்மேன் குழுவும் மோதின. உள்ளே நாலாயிரம் பேர், வெளியே அதைவிட அதிகம். முதுகெலும்பில் காசநோய் கண்டு கூன் விழுந்த குள்ள மனிதர் சிக் வெப், டிரம்ஸில் உட்கார்ந்து குட்மேன் குழுவை ஒரு வழி பண்ணிவிட்டார். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இருபது வயதுப் பெண் அவர் குழுவில் பாடிக்கொண்டிருந்தார்.

நிறம் பார்த்து உள்ளே விட்ட தாதாவின் கிளப்பும், பார்க்காமல் விட்ட சவாயும் ஒரே சட்டத்தின் கீழ்தான் வந்தன. ஆனால் 1943-இல் ஆறு மாதம் இழுத்து மூடப்பட்டது சவாய். அங்கே போன படைவீரர்களுக்குப் பால்வினை நோய் தொற்றியது என்று காரணம் சொன்னார்கள். வெள்ளைக்காரப் பெண்களும் கறுப்பு இளைஞர்களும் கைகோத்து ஆடுவது பொறுக்காமல் மூடினார்கள் என்று ஹார்லெம் சொன்னது. பின்னாளில் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காடி, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதிய சட்டப் பேராசிரியர் பால் செவிக்னி, ஜாஸ் மீதும் இனங்கள் கலப்பதன் மீதும் இருந்த பயம் சட்டத்தின் பிறப்பிலேயே இருந்தது என்கிறார். அவரோடு நான் ஒத்துப்போகிறேன்.

1931-இல் லைசென்ஸ் அதிகாரம் போலீஸ் கைக்குப் போயிற்று. இடத்துக்கு லைசென்ஸ் கொடுத்த போலீஸ், 1940 முதல் அங்கே வேலை செய்கிற ஆளுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்றது. பாடகர், வாத்தியக்காரர் மட்டுமில்லை; சமையல்காரர், பரிமாறுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர்வரை எல்லாரும் போலீஸ் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, கைரேகை வைத்து, படம் எடுத்துக்கொண்டு, அட்டை வாங்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய வழக்கு இருந்தால் மறுக்கலாம், கொடுத்ததைப் பிடுங்கலாம். நீதிமன்றம் தண்டித்து முடித்த பிறகு, போலீஸ் தன் பங்குக்குப் பிழைப்பில் கை வைக்கும். ஃபிராங்க் சினாட்ரா, திருடனைப்போல் கைரேகை வைக்க மாட்டேன் என்று நியூயார்க் கிளப்புகளில் பாடுவதையே விட்டுவிட்டார். சினாட்ராவுக்கு அது கட்டுப்படியாகும். வாரக் கூலிக்கு பாஸ் வாசிக்கிறவர் என்ன செய்வார்? நாடகம் போடுவதற்கு வசனப் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்கிய நம் ஊர் நாடகக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். ஆனால் நம் ஊரில் நாடகத்தைத்தான் பார்த்தார்கள். நியூயார்க்கில் மனிதனின் விரல்களைப் பார்த்தார்கள்.

இனி அறைகளைப் பார்ப்போம்.

ஐந்தாவது, ஆறாவது அவென்யூக்களுக்கு நடுவே 52-ஆம் தெருவில் இருந்தவை பழுப்புக் கல் வீடுகள். ஒரு காலத்தில் வசதியான குடும்பங்கள் வாழ்ந்தவை. மதுவிலக்கின்போது அவற்றின் கீழ்த்தளங்கள் கள்ளச்சாராயக் கடைகளாயின. 1933 கடைசியில் மதுவிலக்கு போனதும் கள்ளக்கடைகள் வெளிப்படையான கிளப்புகளாயின. ஆனிக்ஸ், ஃபேமஸ் டோர், த்ரீ டியூசஸ் என்று வாசலுக்கு வாசல் பெயர்ப்பலகை. வீடு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் கிளப். நீளமாக, ரயில் பெட்டிபோல் ஒரு கூடம். கடைசியில் நாலைந்து பேர் நெருக்கி நிற்கிற அளவுக்கு மேடை. பதினைந்து பேர் கொண்ட பெரிய குழுக்களுக்கு ஏற்ற இடமே இல்லை. இருந்தும் 1938-இல் கௌண்ட் பேஸியின் முழுக் குழுவை ஃபேமஸ் டோரில் ஏற்றினார்கள். கோடையில் அந்தப் புழுக்கத்தில் யார் வருவார் என்று முதலாளிகள் தயங்க, பேஸியின் ஏஜென்ட் வில்லார்ட் அலெக்சாண்டர் ஏர்கண்டிஷன் போடப் பணம் ஏற்பாடு செய்து கொடுத்துக் கச்சேரியைப் பிடித்தார். அங்கிருந்து போன வானொலி ஒலிபரப்பில்தான் பேஸிக்கு விடிந்தது. ஆனால் இது விதிவிலக்கு. அந்தத் தெருவுக்கு உகந்தது நாலு பேர், ஐந்து பேர் கொண்ட சின்னக் குழு.

அதோடு வரி சேர்ந்துகொண்டது. போர்க்காலம். 1944 ஏப்ரலில் மத்திய அரசு கேபரே வரியை 30 சதவீதமாக உயர்த்தியது; கூச்சல் கிளம்பியதும் சில மாதத்தில் 20 ஆக்கியது. பாட்டும் ஆட்டமும் உள்ள இடத்தில் வாடிக்கையாளரின் மொத்த பில்லின்மீது இந்த வரி. பாட்டில்லாமல், ஆட்டமில்லாமல், வாத்தியம் மட்டும் வாசித்தால் வரி இல்லை. கிளப் முதலாளி என்ன செய்வார்? ஆடுகளத்தில் மேசையைப் போட்டார். பாடகியை அனுப்பிவிட்டார். ஆட வந்த கூட்டம் உட்கார்ந்து கேட்கிற கூட்டமாயிற்று. கேட்கிற கூட்டத்துக்கு முன்னால் எவ்வளவு வேகமாகவும் எவ்வளவு சிக்கலாகவும் வேண்டுமானாலும் வாசிக்கலாம். யார் காலும் தடுமாறப் போவதில்லை. பீபாப் என்று பெயர் பெற்ற புதிய ஜாஸ் அந்த ஆண்டுகளில்தான் 52-ஆம் தெருவில் வேர் பிடித்தது. டிரம்ஸ் மேதை மாக்ஸ் ரோச் பின்னாளில் இந்த வரியை நேரடியாகவே காரணம் காட்டினார். வரியால் மட்டும் ஓர் இசை பிறந்துவிடாது. ஆனால் அதற்கு நாற்காலி போட்டுக் கொடுத்ததில் வரிக்குப் பங்கு உண்டு.

பீபாப் பிறந்த இடம் வேறு. ஹார்லெமில் 118-ஆம் தெரு, செசில் ஹோட்டலின் தரைத்தளம், மின்டன்ஸ் பிளேஹவுஸ். 1938-இல் திறந்தவர் ஹென்றி மின்டன். இசைக்கலைஞர் சங்கத்தின் நியூயார்க் கிளையான லோக்கல் 802-இல் பொறுப்பு வகித்தவர். இது முக்கியம். கூலியில்லாமல் கூடி வாசிப்பதைச் சங்கம் தடை செய்திருந்தது, பிடிபட்டால் அபராதம். மின்டன் வீட்டு வாசலில் வந்து அபராதம் போடச் சங்கத்து ஆளுக்குக் கை வராது. ஆகவே பல கிளப்புகளில் வேலை முடித்த வாத்தியக்காரர்கள் அங்கே பயமில்லாமல் கூடினார்கள். 1940-இல் மேலாளராக வந்த டெடி ஹில், திங்கட்கிழமைதோறும் அபோலோ தியேட்டர் கலைஞர்களுக்கு விருந்து வைத்து அந்தக் கூட்டத்தை இன்னும் பெருக்கினார். டிரம்ஸில் கென்னி கிளார்க். பியானோவில் தெலோனியஸ் மாங்க் என்ற இளைஞர். டிஸ்ஸி கில்லெஸ்பி வருவார், கிடார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் வருவார். ஜெர்ரி நியூமேன் என்ற மாணவர் தன் வட்டத் தட்டு ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து 1941-இல் பதிவு செய்தவை இன்றும் கிடைக்கின்றன. அடுத்த வருடமே கிறிஸ்டியன் காசநோயில் போய்விட்டார், இருபத்தைந்து வயதில்.

மாங்கின் கதையை நின்று சொல்ல வேண்டும்.

1951 ஆகஸ்ட். மாங்க் தன் நண்பரும் இன்னொரு பியானோ மேதையுமான பட் பவலோடு நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்திருந்தபோது போலீஸ் சோதனை போட்டது. ஒரு பொட்டலம் ஹெராயின் கிடைத்தது. அது மாங்குடையதில்லை என்பதே அவரை அறிந்தவர்கள் சொன்னது. யாருடையது என்று அவர் வாய் திறக்கவில்லை. அறுபது நாள் சிறை. வெளியே வந்தபோது அட்டை போயிருந்தது.

அடுத்த ஆறு ஆண்டுகள், மது விற்கிற எந்த நியூயார்க் கிளப்பிலும் அவர் சட்டப்படி வாசிக்க முடியாது. ஜாஸ் கலைஞனுக்கு அன்றைக்குக் கிளப்தான் வயிற்றுப்பாடு. இசைத்தட்டு அதற்கு விளம்பரம். மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காத்தார். மாங்க் 63-ஆம் தெரு வீட்டில் பியானோவின் முன் உட்கார்ந்திருந்தார். 1954-இல் பாரிஸ் போய் வாசித்தார். 1956-இல் ‘பிரில்லியண்ட் கார்னர்ஸ்’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதன் தலைப்புப் பாட்டு அவ்வளவு கடினம், ஸ்டூடியோவில் ஒருமுறைகூட முழுதாக வாசித்து முடிக்க முடியாமல் துண்டுகளை ஒட்டித்தான் வெளியிட்டார்கள். இந்த ஆறு வருட ஒதுக்கம்தான் மாங்கை மாங்க் ஆக்கியது, தனிமையில் இசை கனிந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அவருடைய பெயர் பெற்ற படைப்புகளில் பல 1951-க்கு முன்பே எழுதி முடித்தவை. முப்பத்து மூன்று வயதிலிருந்து முப்பத்தொன்பதுவரை ஒரு கலைஞன் தன் சொந்த ஊரில் வாசித்திருக்க வேண்டிய இரவுகளைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. அதற்குத் தத்துவப் பூச்சு வேண்டாம்.

1957-இல் ராத்சைல்டு குடும்பத்தில் பிறந்த பனோனிகா என்ற சீமாட்டியும் வேறு சில நண்பர்களும் பாடுபட்டு அட்டையை மீட்டுத் தந்தார்கள். அந்த ஜூலையில் கூப்பர் சதுக்கத்தில் ஃபைவ் ஸ்பாட் என்ற கடையில் மாங்க் ஏறினார். டெர்மினி சகோதரர்கள் நடத்திய சாதாரண மதுக்கடை அது. சுற்றுவட்டாரத்தில் வாடகை குறைவு என்று குடியிருந்த ஓவியர்கள் வருவார்கள். வில்லம் டி கூனிங்கும் ஃபிரான்ஸ் கிளைனும் வாடிக்கையாளர்கள். மாங்கோடு சாக்ஸபோனில் நின்றவர் ஜான் கோல்ட்ரேன், போதையை விட்டொழித்துப் புது மனிதராக வந்திருந்த முப்பது வயதுக்காரர். வருடக் கடைசிவரை மாதக்கணக்கில் இரவு இரவாக வாசித்தார்கள். கோல்ட்ரேனின் தனி வாசிப்பின்போது மாங்க் பியானோவைவிட்டு எழுந்து மேடையிலேயே சுழன்று ஆடுவார். வாசலில் வரிசை நின்றது. இவ்வளவு பேசப்பட்ட அந்தக் கூட்டணி ஃபைவ் ஸ்பாட்டில் வாசித்தது முறையாகப் பதிவாகவே இல்லை. அதே வருடம் நவம்பரில் அவர்கள் கார்னகி ஹாலில் வாசித்த ஒலிநாடா 2005-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அகப்பட்டபோது ஜாஸ் உலகம் துள்ளிக் குதித்தது.

அட்டை நிலைக்கவில்லை. 1958-இல் டெலவேரில் ஒரு விடுதியில் தண்ணீர் கேட்கப் போன இடத்தில் போலீஸ் அவரை அடித்துக் கைது செய்தது. அட்டை மறுபடி போயிற்று. 1960-இல்தான் திரும்பியது. 1964 பிப்ரவரியில் ‘டைம்’ பத்திரிகை அவர் முகத்தை அட்டையில் போட்டது.

சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கருக்கும் 1951-இல்தான் கேபரே அட்டை போயிற்று. ‘பேர்ட்’ என்ற அவருடைய செல்லப்பெயரை வைத்து பிராட்வேயில் பேர்ட்லேண்ட் கிளப்பைத் திறந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம். 1953 பிப்ரவரியில் அவர் மாநில மதுபான ஆணையத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: நோயாளிக் குழந்தையைச் சொல்லி, தொழில் செய்யும் உரிமையைச் சொல்லி, எழுதியிருக்கிறார். அட்டை கிடைத்தது. குழந்தை பிரீ அடுத்த வருடம் இறந்தது; 1955 மார்ச் 12-இல் பார்க்கரும் போனார், முப்பத்து நாலு வயதில்.

இத்தனை பெரிய கலைஞர்கள் பட்ட பாட்டில் ஆட்டம் காணாத அட்டை, கடைசியில் ஒரு நகைச்சுவைக் கலைஞரால் ஆட்டம் கண்டது. லார்ட் பக்லி என்று மேடைப்பெயர் வைத்துக்கொண்டு, பெரிய மீசையோடு, பைபிளையும் ஷேக்ஸ்பியரையும் ஜாஸ்காரர்களின் கொச்சையில் சொல்லிச் சிரிக்க வைப்பவர். 1960 அக்டோபரில் போலீஸ் அவர் அட்டையைப் பறித்தது. 1941-இல் நடந்த கஞ்சா கைது ஒன்றை விண்ணப்பத்தில் எழுதவில்லையாம். மறு மாதமே பக்லி இறந்துபோனார். ஹெரால்ட் ஹ்யூம்ஸ் என்ற நாவலாசிரியர் விடவில்லை. ஆட்களைத் திரட்டி, அட்டை கொடுப்பதில் கைமாறும் லஞ்சத்தைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசினார். போலீஸ் கமிஷனரோடு மோதினார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. லைசென்ஸ் வேலை போலீஸிடமிருந்து பிடுங்கப்பட்டது. 1967-இல் நகர மன்றம் அட்டையையே ஒழித்தது. அதற்குள் 52-ஆம் தெருவின் பழுப்புக் கல் வீடுகளில் பெரும்பாலானவை இடிபட்டு அலுவலகக் கோபுரங்கள் எழும்பிவிட்டன. சவாய் 1958-இலேயே மூடி, அந்த இடத்தில் குடியிருப்புகள் வந்துவிட்டன.

அட்டை போனாலும் கேபரே சட்டம் போகவில்லை. அதில் இன்னொரு விசித்திரமான விதி இருந்தது. லைசென்ஸ் இல்லாத உணவகத்தில் பின்னணி இசைக்கு மூன்று பேர்வரை வாசிக்கலாம். ஆனால் பியானோ, ஆர்கன், அக்கார்டியன், கிடார், மற்ற தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். சாக்ஸபோன் கூடாது. டிரம்பெட் கூடாது. டிரம்ஸ் கூடவே கூடாது. ஜாஸின் தலைநகரில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஜாஸ் குழுவில் ஊதவும் தட்டவும் முடியாது! இந்த விதியின் நிழலில் வளர்ந்தது யுனிவர்சிட்டி பிளேஸில் பிராட்லி கன்னிங்ஹாம் 1969-இல் தொடங்கிய பிராட்லீஸ். பியானோவும் பாஸும் இரண்டே வாத்தியமாக வாசிக்கிற கலை அங்கே உச்சம் தொட்டது. டிரம்ஸ் இல்லாததால் விரல் நுனியின் சத்தம்வரை கேட்கும். மற்ற கிளப்புகளில் வேலை முடித்த கலைஞர்கள் பின்னிரவில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் 1977-இல் இறக்கும்போது தன் பியானோவை அந்தக் கடைக்கு உயில் எழுதி வைத்தார். ஒரு மூட விதியிலிருந்து இவ்வளவு நல்ல இசை வந்ததே என்று விதியைப் பாராட்டத் தோன்றும். அந்த விதி இருந்த வருடங்களில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்த டிரம்ஸ்காரர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்.

வழக்குப் போட்டவர் டிரம்ஸ்காரர் இல்லை, வைபிரஃபோன் வாசித்த வாரன் சியாசன். அவர் வாத்தியமும் தடைப் பட்டியலில்தான். இசைக்கலைஞர் சங்கம் துணை நின்றது. வழக்காடியவர் முன்பு சொன்ன பால் செவிக்னி. எந்த வாத்தியம் என்ற தடை 1986-இலும், எத்தனை பேர் என்ற தடை 1988-இலும் நீதிமன்றத்தில் விழுந்தன.

எஞ்சியது ஆட்டம். லைசென்ஸ் இல்லாத இடத்தில் ஆடக் கூடாது என்பது மட்டும் இன்னும் முப்பது வருடம் உயிரோடு இருந்தது. தொண்ணூறுகளில் மேயர் ஜூலியானி தூசி தட்டி எடுத்து முழு மூச்சாக அமல்படுத்தியதில், மதுக்கடைச் சுவர்களில் ‘ஆடாதீர்’ என்று பலகை மாட்டினார்கள். 2017-இல் கணக்குப் பார்த்தால் நகரத்தின் சுமார் 25,000 உணவகங்களிலும் மதுக்கடைகளிலும் கேபரே லைசென்ஸ் வைத்திருந்தவை நூறுகூட இல்லை. புரூக்ளின் உறுப்பினர் ரஃபேல் எஸ்பினால் கொண்டுவந்த ரத்து மசோதா நகர மன்றத்தில் நிறைவேறி, அந்த நவம்பரில் மேயர் டி பிளாசியோ கையெழுத்திட்டார். சட்டம் தொண்ணூற்றோரு வயதில் செத்தது.

நான் முந்திக்கொண்டு 2017-க்கு ஓடிவிட்டேன். நடுவில் ஒரு கடை இருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டுக்காக என்று 1973-இல் ஹில்லி கிறிஸ்டல் பவரி தெருவில் சிபிஜிபி என்ற பெயரில் திறந்த மதுக்கடை, யாரும் எதிர்பாராத விதமாக பங்க் ராக்கின் கூடாரமானது. அது அடுத்த இதழில்.